காற்பந்து நடுவர்

காற்பந்து நடுவர் என்பவர் காற்பந்தாட்டத்தின் 17 விதிகளை ஆடுகளத்தில் நடைமுறைப்படுத்துபவர் ஆவார். இவ்விதிகளை 1886 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பன்னாட்டுக் காற்பந்துச் சங்க வாரியம் வகுக்கிறது.

அதிகாரம்

5 ஆவது விதியின்படி, கோல் செல்லுமா என்பது உட்பட ஆட்ட நிகழ்வுகள் பற்றிய நடுவரின் முடிவே இறுதியானது. சொல்லாலோ செயலாலோ எதிர்ப்புத் தெரிவிக்கும் ஆட்டக்காரருக்கு 12 ஆவது விதியின்படி மஞ்சள் அட்டை காட்டப்படும். அணித்தலைவருக்கும் நட்சத்திர ஆட்டக்காரருக்கும் இதில் விலக்கு இல்லை.

தன்னிச்சை உதையும் சர்ச்சையும்

13 ஆவது விதியின்படி, எதிரணியினர் 9.15 மீட்டர் விலகும் வரை காத்திராமல் தன்னிச்சை உதையை விரைந்து எடுக்கலாம். நடுவர் காத்திருக்கச் சொன்னால் மட்டும் ஊதல் ஒலிக்குப் பின்னரே உதைக்க வேண்டும்.

2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் ஆட்டத்தின் 96 ஆவது நிமிடத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் அணியினர் ஆயத்தமாகும் முன்பே பெங்களூரு அணியின் சுனில் சேத்திரி இவ்வாறு உதைத்து கோல் அடித்தார். நடுவர் அதனை ஏற்றார். கேரள அணி எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறியதால், பெங்களூரு 1-0 என வென்றதாக அறிவிக்கப்பட்டது. அகில இந்திய காற்பந்துக் கூட்டமைப்பு கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது. முடிவு மாறவில்லை.

தமிழ்நாட்டு நடுவர்கள்

தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீசுவரன் சங்கர் 2002 உலகக்கோப்பையில் துணை நடுவராகப் பணியாற்றினார். உலகக்கோப்பையில் பணியாற்றிய முதல் இந்தியர் இவரே. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016 இல் பன்னாட்டு நடுவரானார்.