யார் காலடியில் யார்?

2018-ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் 14-ஆம் நாள். பொழுது இன்னும் புலரவில்லை. அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், பசிபிக் பெருங்கடலைப் பார்த்து நிற்கும் சான்பிரான்சிஸ்கோ நகரின் நடுவிடத்தில், பொது நூலகத்துக்கு அருகே, பாரந்தூக்கி ஒன்று தன் நீண்ட கையை நீட்டிற்று. 124 ஆண்டுகளாக அந்நகர மக்கள் அண்ணாந்து பார்த்துவந்த வெண்கலச் சிலைத் தொகுதி ஒன்று, பட்டைகளால் பிணைக்கப்பட்டு மேலே எழுந்தது, வண்டியில் ஏறிற்று, கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தொகுதியிலே மூன்று உருவங்கள். ஒருவன், மாடு மேய்க்கும் ஸ்பானியக் குதிரை வீரன். மற்றொருவர், வானத்தைச் சுட்டிக்காட்டி நிற்கும் பாதிரியார். மூன்றாமவன் நிற்கவில்லை, அவ்விருவர் காலடியிலே சாய்ந்து கிடக்கிறான். யார் அவன்? வந்தேறியா? அடிமையாய் விலைக்கு வாங்கப்பட்டவனா? அல்ல, அல்ல! அவன்தான் அந்த மண்ணிலே முதலில் வாழ்ந்தவன். அந்தக் கடலுக்கும் குன்றுக்கும் உரியவன். அமெரிக்கப் பழங்குடி மகன்!

சிலையை அகற்றியது கலகக் கூட்டமன்று. பகைவர் படையன்று. அந்நகரின் கலை ஆணையமே தீர்மானம் நிறைவேற்றி, சட்டத்தின் துணையோடு அகற்றிற்று. சிலைகளை நிறுத்தவும் இசை நிகழ்ச்சிகளை நடத்தவும் ஏற்பட்ட ஓர் அமைப்பு, சிலையொன்றை இறக்குவானேன்? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், பாராட்டுரைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ஆணையத்தின் வரலாற்றை நாம் புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

முதலில், அந்தச் சிலைக்குப் பணம் தந்தவர் யார் என்று கேட்போம். ஜேம்ஸ் லிக் என்பவர். நிலம் வாங்கி விற்றுப் பெருஞ்செல்வம் குவித்தவர். கலிபோர்னியாவின் வரலாற்றைச் சிலைகளாக வடிக்க ஒரு லட்சம் டாலர் ஒதுக்கி உயில் எழுதி வைத்தார். அவர் மறைந்த பிறகு, 1894-ல், அந்தப் பணத்தில் முன்னோடிகளின் நினைவுச் சின்னம் எழுந்தது. அதன் ஒரு பகுதிதான் நாம் மேலே கண்ட தொகுதி. ‘தொடக்க நாட்கள்’ என்பது அதன் பெயர். எவருடைய தொடக்கம்? பழங்குடி மக்களுக்கு அது முடிவின் தொடக்கமன்றோ! 1776-ல் ஸ்பானியப் பாதிரிமார் அங்கே தேவாலயம் அமைத்தபின், நோயாலும் கட்டாய உழைப்பாலும் மடிந்த ஒலோனி மக்கள் ஆயிரக்கணக்கானோர். ஆனால் சீமானின் செல்வம் பேசிற்று; மண்ணின் மைந்தன் வாய்மூடிக் கிடந்தான். பணம் கொடுத்தவன் கண்ணுக்கு எது வரலாறோ, அதுவே வெண்கலமாயிற்று.

இது அந்நகரத்துக்கு மட்டும் உரிய குறையன்று. மன்னன் பொன் கொடுத்தால் மன்னனின் வெற்றி கல்லிலே ஏறும். மடாலயம் பொருள் கொடுத்தால் மடாலயத்தின் மகிமை ஏறும். உளி பிடித்தவன் பசித்திருப்பான். கல் சுமந்தவன் பெயரற்றுப் போவான். கலைக்குக் கூலி கொடுக்கும் கை எதுவோ, அந்தக் கையின் நிழல் கலைமீது விழத்தான் செய்யும். அப்படியானால், கொடுக்கும் கை பொதுமக்களின் கையாக மாறிவிட்டால்? அந்தச் சோதனையைத்தான் சான்பிரான்சிஸ்கோ நகரம் 1932-ல் தொடங்கிற்று.

அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த நகரின் புதிய சாசனம், கலை ஆணையம் ஒன்றை ஏற்படுத்திற்று. கட்டடக் கலைஞர், ஓவியர், சிற்பி, இசை வல்லார், இலக்கியம் அறிந்தோர் எனப் பல துறையினரை மேயர் அதில் நியமிப்பார். நகரம் எழுப்பும் கட்டடங்களின் வடிவமைப்பை ஆராய்வது, நகரத்துக்கு வரும் ஓவியங்களையும் சிலைகளையும் ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வது, மக்களுக்கு இசை நிகழ்ச்சிகள் நடத்துவது, இவை அதன் பணிகள். அதே 1932-ல், நகரத்துக்கே சொந்தமான இசை நாடக மாளிகையும் அங்கே திறக்கப்பட்டது.

ஆண்டைக் கவனியுங்கள், தோழர்களே! 1932! பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவைப் பிடித்தாட்டிய நேரம். ஆலைகள் மூடிக் கிடந்தன. ரொட்டிக்காக மக்கள் வரிசையில் நின்றனர். வயிறு காயும் வேளையிலே வயலின் ஓசை எதற்கு என்று கேட்டவர் இருந்திருப்பர். 1911-ல் தொடங்கிய அந்நகரின் சிம்பனி இசைக்குழு, சீமான்களின் நன்கொடையை நம்பி வாழ்ந்தது. சீமான்களின் கை சுருங்கியதும் அது படுத்தது. 1934-35 பருவத்தின் நிகழ்ச்சிகளே கைவிடப்பட்டன.

அப்போது நடந்ததுதான் எண்ணி எண்ணிப் பார்க்கத்தக்கது. 1935-ல் அந்தப் பிரச்சினை மக்களின் வாக்குக்கு விடப்பட்டது. மதிப்பிடப்பட்ட சொத்து ஒவ்வொரு 100 டாலருக்கும் அரை சென்ட் வரி. அந்த வரிப்பணத்தைக் கலை ஆணையம் இசைக்காகச் செலவிடும். ஏற்கிறீர்களா, இல்லையா? ஏற்கிறோம் என்றனர் மக்கள்! அரை சென்ட்தான். ஆனால் அந்த அரை சென்ட்டிலே ஒரு தத்துவம் அடங்கியிருந்தது. இசை, சீமான் வீட்டுக் கூடத்திலே ஒலிக்கும் சலுகையன்று, தெருவிளக்கைப்போல, குடிநீர்க் குழாயைப்போல, நகரத்தான் ஒவ்வொருவனின் உரிமை என்ற தத்துவம்! நகரின் பெரிய மண்டபத்திலே, ஆணையத்தின் பெயரால், எளியோரும் வரத்தக்க இசை நிகழ்ச்சிகள் நடந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஓவியரும் சிற்பிகளும் தம் படைப்புகளைத் திறந்த வெளியிலே வைக்கும் ஆண்டு விழாவையும் ஆணையம் நடத்திற்று.

இதனால் எல்லாம் நேராகிவிட்டதா? இல்லை. பணம் பொதுப்பணமாகிவிட்டால் மட்டும் பார்வை பொதுப்பார்வை ஆகிவிடாது. சான்று வேண்டுமா? கோய்ட் கோபுரத்தின் சுவர்களைப் பாருங்கள். 1934-ல், கூட்டரசின் துயர்தணிப்புத் திட்டத்தில் கூலி பெற்று, ஏறத்தாழ 25 ஓவியர்கள் அக்கோபுரத்தின் உட்சுவர்களில் கலிபோர்னியாவின் வாழ்வைத் தீட்டினர். பழம் பறிப்போர், ஆலைத் தொழிலாளர், தெருவிலே திரியும் வேலையற்றோர், எல்லோரும் அங்கே இடம்பெற்றனர். நூலகக் காட்சியொன்றில், ஒரு கையால் செய்தித்தாளைக் கசக்கிக்கொண்டு, மறு கையால் கார்ல் மார்க்சின் ‘மூலதனம்’ நூலை எடுக்கிறான் ஒருவன். அந்த வேளையிலேதான் துறைமுகத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தமும் மூண்டது. அதிகாரிகள் அஞ்சினர். கோபுரக் கதவு பூட்டப்பட்டது. ஒரு சாளரத்தின் மேல் தீட்டப்பட்டிருந்த அரிவாள் சுத்தியல் சின்னம் அழிக்கப்பட்டது. அதன் பிறகே அவ்வாண்டு அக்டோபரில் கோபுரம் திறந்தது. மற்ற ஓவியங்கள் பிழைத்தன. இன்று அவை நகரின் கலைச் செல்வமாக ஆணையத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றைக் காக்க வேண்டும் என்று 2012-ல் மக்களே வாக்களித்தனர். 2014-ல் அவை செப்பனிடப்பட்டன. பூட்டி வைத்தவர்கள் போயினர். பூட்டப்பட்ட ஓவியம் நிலைத்தது!

அடுத்த திருப்பம் 1967-ல் வந்தது. சிம்பனிக்கு வரிப்பணம் போகிறது, சரி. அதைக் கேட்க மண்டபத்துக்கு வருவோர் யார்? மிஷன் பகுதியில் வாழும் ஸ்பானிய மொழி பேசும் தொழிலாளியா? பேவியூவில் வாழும் நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களா? சீனர் தெருவில் துணி தைக்கும் பெண்ணா? அவர்களும் வரி கட்டுகிறார்கள். அவர்களுக்கும் பாட்டு உண்டு, கூத்து உண்டு, கதை உண்டு. கலையை அவர்களிடம் கொண்டுபோகிறோம் என்று சொல்வதுகூடத் தவறு. அவர்களிடம் உள்ள கலைக்கு மேடை தருகிறோம் என்பதே முறை. இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் ஆணையத்தின் ‘அண்டைப்பகுதிக் கலைத் திட்டம்’. மேடை வேண்டுமா, இரவலாகத் தந்தது. ஒலிபெருக்கி வேண்டுமா, தந்தது. சுவரொட்டி அச்சிட வேண்டுமா, அதற்கும் உதவிற்று. பட்டுத்திரை இல்லாத முச்சந்திகளிலே பாட்டு எழுந்தது.

1970-களின் நடுவில், வேலையற்றோருக்கென்று கூட்டரசு ஒதுக்கிய பணத்தைக் கொண்டு, ஓவியரையும் நாடகக்காரரையும் இசைவாணரையும் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தும் வழியையும் சான்பிரான்சிஸ்கோ காட்டிற்று. கலைஞனும் உழைப்பாளியே, அவனுக்கும் வேலையின்மை உண்டு என்பதை ஒப்புக்கொண்ட செயல் அது. பிற நகரங்கள் அதைப் பின்பற்றின. மிஷன் பகுதியிலும் பேவியூவிலும் பிற இடங்களிலும், நகரத்துக்குச் சொந்தமான கட்டடங்களில் பண்பாட்டு நிலையங்கள் இயங்கின.

சிலைக்கும் ஓவியத்துக்கும் வழி என்ன? 1959-ல் பிலடெல்பியா நகரம், பொதுக் கட்டடச் செலவில் 100-க்கு 1 பங்கைக் கலைக்கு ஒதுக்கச் சட்டம் செய்தது. 1969-ல் சான்பிரான்சிஸ்கோ 100-க்கு 2 பங்கு என்று சட்டம் இயற்றிற்று. நகரம் கட்டும் தீயணைப்பு நிலையமாயினும், மருத்துவமனையாயினும், நூலகமாயினும், விமான நிலையமாயினும், கட்டடச் செலவில் அந்தப் பங்கு கலைக்கு. கலைஞரும் அப்பகுதி மக்களும் அமர்ந்த தேர்வுக்குழு ஒன்று படைப்புகளை ஆராயும். ஆணையம் திறந்த கூட்டத்திலே, எவரும் எழுந்து பேசலாம் என்ற விதியோடு, முடிவு செய்யும். 1993-ல், நெடுநாள் புறக்கணிக்கப்பட்ட இனத்தாரின் கலைக்கென்றே தனி நிதியும் ஏற்பட்டது. 2018-ல், விடுதிகளில் தங்குவோரிடம் பெறும் வரியில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கவும் மக்கள் வாக்களித்தனர்.

திறந்த கூட்டம் என்றோம். அந்தக் கூட்டத்திலேதான் பழங்குடி மக்கள் எழுந்து நின்றனர். “எங்கள் பாட்டனை இன்னும் எத்தனை நாள் பாதிரியார் காலடியிலே கிடத்தி வைத்திருப்பீர்கள்?” என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். 1990-களில் அந்தக் கேள்விக்கு ஆணையம் தந்த விடை, ஒரு விளக்கப் பலகை. பலகையின் வாசகத்துக்குக்கூடச் சமயத் தலைவர்கள் மறுப்புக் கூறினர், வாசகம் மென்மையாக்கப்பட்டது. சிலை கிடந்தபடியே கிடந்தது. 2018 மார்ச்சில் ஆணையம் ஒருமனதாக, அகற்றுக என்றது. ஏப்ரலில் நகரின் மேல்முறையீட்டு வாரியம், அகற்றாதே என்றது. செப்டம்பரில் அதே வாரியம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. இரண்டே நாளில், விடியுமுன் பாரந்தூக்கி வந்தது.

வரலாற்றை அழிக்கலாமா என்று கேட்பவர் உண்டு. நேர்மையான கேள்விதான், நாமும் நேர்மையாகவே விடை சொல்வோம். வரலாறு ஏட்டிலே இருக்கிறது. அதை யாரும் கிழிக்கவில்லை. அருங்காட்சியகத்தில் ஒரு சிலை இருந்தால், அது ‘இப்படி எண்ணினார்கள்’ என்று சொல்லும். நகரின் நடுவே உயர்ந்த பீடத்தில் இருந்தால், ‘இப்படித்தான் எண்ணுகிறோம்’ என்று சொல்லும். பழங்குடிச் சிறுவன் ஒருவன் நூலகத்துக்குப் படிக்கப் போகும் வழியிலே, நகரம் அவனுக்கு நாள்தோறும் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளி ஆசிரியராகிய நமக்குத் தெரியும், கரும்பலகையில் எழுதுவதைவிடச் சுவரிலே மாட்டியிருப்பதுதான் பிள்ளைகள் மனத்தில் ஆழமாகப் பதிகிறது.

ஆணையம் தவறே செய்யாத தெய்வம் என்று நாம் சொல்லவில்லை. தெய்வம் என்று ஒன்றை எழுப்பி வணங்குவது நம் வழக்கமுமன்று. 2018-ல், பொது இடச் சிலைகளில் உண்மையில் வாழ்ந்த பெண்களின் உருவம் குறைந்தது 100-க்கு 30 ஆக வேண்டும் என்று நகரம் சட்டம் செய்தது. முதல் படைப்பாக, இளமையில் அந்நகரின் டிராம் வண்டியில் வேலை பார்த்த கறுப்பின எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப முடிவாயிற்று. தேர்வுக்குழு, லாவா தாமஸ் என்ற கறுப்பினப் பெண் கலைஞரின் வடிவத்தைத் தேர்ந்தது. நூல் வடிவ வெண்கலத்திலே ஏஞ்சலோவின் முகம். பழைய பாணியிலே நிற்கும் சிலைதான் வேண்டும் என்று மேலிடத்தில் குரல் எழுந்தது. 2019-ல் வடிவம் தள்ளப்பட்டது. கலைஞர் ஓயவில்லை, திறந்த கூட்டத்தில் நியாயம் கேட்டார். 2020-ல் ஆணையம் மன்னிப்புக் கேட்டு, பணியை அவரிடமே ஒப்படைத்தது. 2024-ல் பொது நூலகத்தருகே அது திறக்கப்பட்டது. தவறியதில் வியப்பில்லை. தவறைச் சுட்டிக்காட்ட ஒரு கூட்டமும், கேட்டவர்க்குப் பதில் சொல்லும் கடமையும் இருந்தனவே, அதிலேதான் பொதுப்பணத்தின் பெருமை. சீமான் லிக்கின் உயிலிடம் யார் போய் நியாயம் கேட்க முடியும்?

எனவே தோழர்களே, அரை சென்ட் வரியிலே தொடங்கிய கதையின் படிப்பினை இது: கலைக்குப் பொதுமக்கள் பணம் தருவது முதற்படி, அந்தக் கலை யாரைப் பற்றியது என்று கேட்கும் உரிமை பெறுவது அடுத்த படி. முதற்படியிலேயே நின்றுவிட்டால், சீமானின் கண்ணால் பார்த்த வரலாற்றுக்கே ஏழையின் காசு போகும். நம் ஊரிலும் பொதுப்பணத்தில் சிலையோ மேடையோ எழும்போது, யார் பணம், யார் தேர்ந்தார், அதிலே யார் நிற்கிறார், யார் கிடக்கிறார் என்று நாம் கேட்டாக வேண்டும்.

2019-ல், அந்த வெற்றுப் பீடத்தருகே பழங்குடி மக்கள் திரண்டனர். ஆணையமே அதற்கு ஏற்பாடு செய்திருந்தது. கிழவரும் குழந்தைகளும் தாய்மாரும் தம் மரபுடையோடு அந்தப் பீடத்தின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டனர். பின்னர் அந்தப் படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 124 ஆண்டுகள் காலடியிலே கிடத்தப்பட்டவனின் பேரப்பிள்ளைகள் அன்று, எவர் காலடியிலும் இல்லாமல், தம் கால்களில் நின்றனர்!