மெக்சிகோவின் நீத்தார் நினைவு மரபும் போசாதாவின் எலும்புருவங்களும்

முன்னுரை

மெக்சிகோ மக்கள் ஆண்டுதோறும் நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் நீத்தாரை இல்லத்திற்கு வரவேற்றுப் படையலிடுகின்றனர். இவ்விரு நாள்களும் கத்தோலிக்கத் திருச்சபையின் அனைத்துப் புனிதர் பெருவிழாவும் கல்லறைத் திருநாளும் ஆகும். ஆஸ்டெக் மக்கள் இறந்த சிறாருக்கும் முதியோருக்கும் தனித்தனியே விழா எடுத்தமையை 16ஆம் நூற்றாண்டுத் துறவி தியேகோ துரான் பதிவு செய்துள்ளார். இவ்விரு மரபுகளும் கலந்து உருவான இவ்வழக்கத்தை 2008இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவ்விழாவின் அடையாளமாக இன்று விளங்குவது தொப்பியணிந்த பெண் எலும்புருவமாகும். அதனைப் படைத்தவர் அடைந்த நிலையையும், அவர் நினைவு மீட்கப்பட்ட வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

படையலும் உறவும்

‘ஒஃப்ரெந்தா’ எனப்படும் படையல் மேடையில் இறந்தவரின் உருவப்படம் வைக்கப்படும். தொலைவழி வந்தவரின் தாகம் தீர நீரும், அவர் விரும்பிய உணவும், இந்நாளுக்கென்றே சுடப்படும் ரொட்டியும் இடம்பெறும். கோப்பல் மரப்பிசினின் நறும்புகையும் செண்டுமல்லியின் நிறமும் மணமும் அவருக்கு வழிகாட்டும் என்பது நம்பிக்கை. தமிழகத்தில் துலுக்கச் சாமந்தி எனவும் வழங்கும் இம்மலரின் தாயகம் மெக்சிகோவே. பெயர் சொல்லி நினைக்க ஒருவரேனும் இருந்தால்தான் இப்படையல் நிகழும். அவ்வாறு ஒருவரும் இல்லாதார் நிலை யாது என்னும் வினா இங்கு எழுகிறது.

போசாதாவின் வாழ்வும் மறைவும்

ஹோசே குவாதலூப்பே போசாதா 1852இல் அகுவாஸ்காலியெந்தஸ் நகரில் பிறந்தார். மெக்சிகோ நகரில் வானேகாஸ் அரோயோவின் அச்சகத்திற்காக, எளிய மக்கள் வாங்கும் மலிவான ஒற்றைத் தாள் வெளியீடுகளுக்குப் படங்கள் செதுக்கினார். நவம்பரில் வெளிவந்த தாள்களில் அரசியலாரும் செல்வரும் ஏழையரும் எலும்புக்கூடுகளாகவே காட்சியளித்தனர். உடனிருந்த அங்கதப் பாடல்கள் உயிரோடிருப்போரையே இறந்தோராகப் பாடி எள்ளின. தொப்பியணிந்த பெண்ணுருவமும் அத்தகையதே. தம் பழங்குடி வேரை மறைத்து ஐரோப்பியரைப் போல நடந்துகொண்டோரை அது எள்ளியது.

போசாதா 1913 சனவரியில் வறுமையில் இறந்து, ஏழையருக்குரிய குழியில் புதைக்கப்பட்டார். ஏழாண்டுகளுக்குப் பின், உரிமை கோருவார் இன்மையால் அவரது எலும்புகள் பொதுக்குழியில் இடப்பட்டன. எல்லாரையும் எலும்பாகக் காட்டியவரின் எலும்புகள் அடையாளமின்றி மறைந்தன.

கலை செய்த கடன்

1920களில் பிரெஞ்சு நாட்டில் பிறந்த ஓவியர் ழான் ஷார்லோ இப்படங்களைக் கண்டு அவற்றின் சிறப்பை எடுத்துரைத்தார். 1930இல் தியேகோ ரிவேராவின் முன்னுரையுடன் போசாதாவின் படத்தொகுப்பு வெளிவந்தது. 1947இல் அலமேதா பூங்காவைப் பொருளாகக் கொண்டு தாம் வரைந்த சுவரோவியத்தில் ரிவேரா அப்பெண்ணுருவுக்கு முழு உடலளித்து, கழுத்தில் இறகுப் பாம்பைச் சூட்டினார். ‘கத்ரீனா’ என்னும் பெயரும் இதன் வழியே நிலைபெற்றது. அவ்வுரு ஒரு கையால் போசாதாவின் கையையும், மறுகையால் சிறுவனாகக் காட்டப்பட்ட ரிவேராவின் கையையும் பற்றியுள்ளது. கல்லறையற்ற முன்னோருக்கு ஒரு மாணாக்கர் இட்ட படையலாகவே இவ்வோவியத்தைக் கொள்ளலாம். 1985 நிலநடுக்கத்தில் அது இருந்த விடுதி பெருஞ்சேதமுற்றபோதும் ஓவியம் மீட்கப்பட்டு, தனி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

முடிவுரை

2016 முதல் மெக்சிகோ நகரில் நடைபெறும் பெரும் ஊர்வலம், 2015இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் திரைப்படத்தின் கற்பனைக் காட்சியைப் பின்பற்றித் தோன்றியது. அயலாரைப் பின்பற்றுவோரை எள்ளப் பிறந்த உருவே அவ்வூர்வலத்தில் அணிகலனாயிற்று. எள்ளல் மங்கினும் உரு நிலைத்தது. ஆயினும் உருவம் நிலைப்பதும் படைத்தவர் நினைக்கப்படுவதும் ஒன்றல்ல. உரிமை கோருவாரற்ற போசாதாவின் பெயர் இன்று வழங்குவதற்கு, அவர் படங்களைத் தேடித் தொகுத்தோரே காரணர். நினைவு தானாக நிலைப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைச் செய்தாக வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.