சுயேச்சை என்னும் சொல்லும் அமெரிக்க வாக்காளரும்

சுயேச்சை என்ற சொல்லை நம் நாட்டுத் தேர்தல்கள் நமக்கு நன்கு பழக்கப்படுத்தியிருக்கின்றன. கட்சியில் இடம் கிடைக்காதவரோ, கட்சியே வேண்டாமென்று ஒதுங்கியவரோ, தமக்கென ஒரு சின்னம் பெற்றுத் தனித்துப் போட்டியிட்டால் அவரைச் சுயேச்சை என்கிறோம். 1951-52இல் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலில் மக்களவைக்கு இத்தகையோர் 37 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1957இல் அத்தொகை 42 ஆயிற்று. 2024இல் 7 ஆகக் குறைந்தது. ஆக, நம்மிடையே சுயேச்சை என்பது வேட்பாளருக்குரிய பெயர். அதுவும் தேய்ந்துவரும் பெயர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அது முதன்மையாக வாக்காளருக்குரிய பெயராக இருக்கிறது, வளர்ந்தும் வருகிறது. மக்கள் கருத்தைக் கணிக்கும் காலப் நிறுவனத்தார் 2024ஆம் ஆண்டில் கட்சிச் சார்பைப் பற்றி வினவியபோது, நூற்றுக்கு 43 பேர் தம்மைச் சுயேச்சை என்று கூறிக்கொண்டனர். குடியரசுக் கட்சியினர், ஜனநாயகக் கட்சியினர் என்று கூறிக்கொண்டோர் தனித்தனியே எண்ணப்படின் இவர்களினும் மிகக் குறைவு. இரு பெருங்கட்சிகளின் ஆட்சியிலேயே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்துவரும் ஒரு நாட்டில், ஐந்தில் இருவருக்கு மேற்பட்டோர் அவ்விரண்டின் பெயரையும் ஏற்க மறுப்பது ஏன்? அவ்வாறு மறுப்பதால் அவர்கள் பெறுவது யாது?

இங்கே சொற்பொருளைச் சிறிது நோக்குவது பயன் தரும். 'இண்டிபெண்டென்ட்' என்ற ஆங்கிலச் சொல், எதனையும் பற்றித் தொங்காதது, சாராதது என்னும் பொருளுடையது. நாம் அதற்கு ஈடாக வழங்கும் சுயேச்சை என்பதோ, சுய இச்சை, அதாவது தன் விருப்பின்படி நடத்தல் என்னும் பொருள் தருவது. முன்னது ஒருவர் எதை விட்டார் என்பதைக் கூறுகிறது. பின்னது அவர் எதைக் கொண்டு நடக்கிறார் என்பதைக் கூறுகிறது. இவ்விரண்டும் ஒன்றாகிவிடுமா என்பதே அமெரிக்க வரலாறு நம்முன் வைக்கும் வினா.

அந்நாட்டின் அரசியலமைப்பு 1787இல் வகுக்கப்பட்டது. அதில் கட்சி என்ற பேச்சே இல்லை. முதல் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டன், 1796இல் வெளியிட்ட பிரிவுரையில், கட்சி உணர்ச்சி நாட்டைப் பிளவுபடுத்திவிடும் என்று எச்சரித்தார். எனினும், அவர் பதவியில் இருக்கும்போதே கட்சிகள் முளைவிட்டுவிட்டன. 1820களின் இறுதியில் ஜனநாயகக் கட்சியும், 1854இல் குடியரசுக் கட்சியும் உருப்பெற்றன.

அக்காலத்துக் கட்சிப் பற்று இன்றையதினும் வேறானது. வாக்குச் சீட்டை அரசாங்கம் அச்சிடவில்லை, கட்சிகளே அச்சிட்டன. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் பெயர்களை மட்டும் தாங்கிய சீட்டை, தனக்குரிய வண்ணத்திலோ வடிவத்திலோ வழங்கிற்று. வாக்காளர் அதனைக் கட்சி ஊழியரிடமிருந்து பெற்று, பலரும் காணப் பெட்டியில் இட்டார். மாற்றுக் கட்சியார் ஒருவருக்கு வாக்களிக்க விரும்பினால், அச்சிட்ட பெயரை அடித்துவிட்டு வேறு பெயரை எழுதவோ ஒட்டவோ வேண்டும். அருகில் நிற்பவர் கண்ணுக்கு இது தப்பாது. வெற்றி பெற்ற கட்சியோ, தபால் அலுவலகத் தலைவர் பதவி உட்பட எண்ணற்ற உத்தியோகங்களைத் தன் ஆட்களுக்கே பகிர்ந்தளித்தது. கட்சி என்பது கொள்கையாக மட்டுமின்றிப் பிழைப்பாகவும் இருந்தது. 1876ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வாக்குரிமை உடையோருள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் வாக்களித்தனர் என்றால், அதில் இந்தக் கட்டுக்கும் பங்குண்டு.

இந்தக் கட்டு தளர்வதற்கு ஒரு கொலை வழி திறந்தது. 1881இல், தனக்கு உத்தியோகம் கிடைக்கவில்லை என்று மனங்கசந்த ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். அதன் விளைவாக எழுந்த கிளர்ச்சியால், 1883இல் பெண்டில்டன் சட்டம் நிறைவேறியது. மத்திய அரசின் பணிகளுள் ஒரு பகுதிக்குத் தேர்வின் மூலமே ஆள் எடுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். அடுத்த ஆண்டில், குடியரசுக் கட்சி ஜேம்ஸ் பிளேன் என்பவரை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. அவருடைய நேர்மையில் ஐயங்கொண்ட அக்கட்சியினர் பலர், எதிர்க்கட்சி வேட்பாளரான குரோவர் கிளீவ்லண்டை வெளிப்படையாக ஆதரித்தனர். எழுத்தாளர் மார்க் ட்வெயினும் அவர்களுள் ஒருவர். அமெரிக்கப் பழங்குடிகளின் மொழியில் பெருந்தலைவரைக் குறிக்கும் 'மக்வம்ப்' என்ற சொல்லால் இவர்களைக் கட்சிக்காரர்கள் எள்ளி நகையாடினர். நியூயார்க் மாநிலத்தில் சற்றேறக்குறைய ஆயிரம் வாக்கு வேறுபாட்டில் கிளீவ்லண்டு வென்றார். அம்மாநிலமே ஜனாதிபதிப் பதவியை முடிவு செய்தது. பழைய நண்பர்களின் பகையையும் ஏளனத்தையும் பொறுத்துக்கொண்டு, பலரறியக் கட்சியை விட்ட இவர்களைச் சுயேச்சையாளர் என்று தயங்காமல் கூறலாம்.

பின்னர் வந்த சீர்திருத்தங்கள் அத்தகைய துணிவின் தேவையைக் குறைத்தன. ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளில் 1856 முதல் வழங்கிவந்த முறையைப் பின்பற்றி, மாசசூசெட்ஸ் மாநிலம் 1888இல் இரகசிய வாக்குச் சீட்டுச் சட்டத்தை இயற்றியது. ஏனைய மாநிலங்களும் விரைவில் தொடர்ந்தன. இனி எல்லா வேட்பாளர் பெயரும் ஒரே சீட்டில்; அச்சிடுவது அரசாங்கம்; வாக்களிப்பது மறைவில். 1903இல் விஸ்கான்சின் மாநிலம், கட்சி வேட்பாளரைக் கட்சித் தலைவர்கள் கூடி முடிவு செய்வதற்கு மாறாக, வாக்காளரே தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலுக்குச் சட்டம் செய்தது.

நன்மை பெரிது, ஆயினும் இழப்பும் இல்லாமற் போகவில்லை. 1924ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தவர் தொகை பாதிக்கும் கீழே சென்றது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைச் சூழ்ச்சியான விதிகளால் பறித்தமையும், வாக்காளர் பதிவுக்கு ஏற்பட்ட கடுமையான நிபந்தனைகளும் இதற்குக் காரணங்கள். கட்சியின் பிடி தளர்ந்தபோது, வாக்குச் சாவடிக்கு அழைத்துச் சென்ற கையும் தளர்ந்தது என்பது மற்றொரு காரணம்.

மக்கள் தம்மை எவ்வாறு கருதுகின்றனர் என்பதை அளந்தறியும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது. மிச்சிகன் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் 1952இல் எடுத்த கணிப்பில், நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் தம்மைச் சுயேச்சை என்றனர். 1960இல் அவர்கள் வெளியிட்ட 'தி அமெரிக்கன் வோட்டர்' என்ற நூல் இரண்டு செய்திகளை முன்வைத்தது. கட்சிப் பற்று பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து இளமையிலேயே வந்து படிகிறது என்பது ஒன்று. சுயேச்சை என்போர் அரசியலை ஆழ்ந்து ஆராய்ந்து ஒதுங்கியவர்கள் என்ற எண்ணம் தவறு; பொதுவாக அவர்கள் அரசியலில் ஈடுபாடும் அறிவும் குறைந்தவர்கள் என்பது மற்றொன்று.

அதன்பின் நாடு கொந்தளித்தது. 1964, 1965ஆம் ஆண்டுகளின் சமவுரிமைச் சட்டங்களால், தென் மாநிலங்களின் வெள்ளையர் பலர் தலைமுறை தலைமுறையாகச் சார்ந்திருந்த ஜனநாயகக் கட்சியிலிருந்து விலகத் தொடங்கினர். வியட்நாம் போர் இளைஞரின் நம்பிக்கையைக் குலைத்தது. வாட்டர்கேட் ஊழலால் 1974இல் ஜனாதிபதி நிக்சன் பதவி துறந்தார். அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம், 1971இல் 18 வயதினருக்கு வாக்குரிமை வழங்கியது. எக்கட்சியிலும் வேரூன்றாத புதிய தலைமுறை ஒன்று வாக்காளர் பட்டியலில் நுழைந்தது. 1970களின் நடுவில் சுயேச்சை என்போர் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாயினர். இன்றும் இளந்தலைமுறையில் ஏறத்தாழப் பாதிப் பேர் தம்மை அவ்வாறே கூறிக்கொள்கின்றனர்.

இவ்வளவில் வரலாறு நின்றிருக்குமாயின், கட்சிகள் அழிந்துவருகின்றன என்றே நாம் முடிவு செய்வோம். ஆனால், வாக்குப் பெட்டி வேறு கதை கூறுகிறது. ஒரு தொகுதியார் ஜனாதிபதிப் பதவிக்கு ஒரு கட்சியையும், பிரதிநிதிகள் சபைக்கு மற்றொரு கட்சியையும் தேர்ந்தெடுப்பது அந்நாட்டில் அரிதன்று. 1984இல் மொத்தம் 435 தொகுதிகளில் நூற்றுக்கு 40க்கு மேற்பட்டவை அவ்வாறு பிரித்து வாக்களித்தன. 2020இல் அத்தகைய தொகுதிகள் 16 மட்டுமே. சுயேச்சை என்ற பெயர் பெருகியிருக்கிறது. சுயேச்சையாக வாக்களிப்பது குன்றியிருக்கிறது.

இம்முரண்பாட்டை அறிஞர்கள் நெடுநாள் ஆராய்ந்துள்ளனர். 1992இல் வெளிவந்த 'சுயேச்சை வாக்காளர் என்னும் கட்டுக்கதை' என்று பொருள்படும் தலைப்பையுடைய நூல், இவர்களிடம் இரண்டாவது கேள்வி ஒன்றைக் கேட்கவேண்டும் என்று வற்புறுத்தியது: "சற்றேனும் எப்பக்கம் சாய்கிறீர்?" பெரும்பாலோர் ஒரு பக்கம் சாய்வதை ஒப்புகின்றனர், சாய்ந்த பக்கமே வாக்களிக்கின்றனர். 2019இல் பியூ ஆராய்ச்சி மையம் வெளியிட்ட கணக்கின்படி, சுயேச்சை என்றோர் நூற்றுக்கு 38 பேர். அவர்களுள் எப்பக்கமும் சாயாதவர் 7 பேரே.

அப்படியாயின் பெயரை மட்டும் ஏன் மறுக்கின்றனர்? ஆய்வாளர் இரு காரணங்களைக் கூறுகின்றனர். கட்சிகளின் ஓயாத சச்சரவைக் கண்டு, அவற்றுள் ஒன்றைத் தம்முடையது என்று பிறர்முன் கூறிக்கொள்ளப் பலர் நாணுகின்றனர். 2016இல் வெளியான ஒரு நூலில் கிளார், குருப்னிக்கவ் என்னும் இரு பேராசிரியைகள் இதனைச் சோதனைகள் மூலம் காட்டினர். மற்றொரு காரணம், தம் கட்சியின்மேல் உள்ள அன்பைவிட எதிர்க்கட்சியின்மேல் உள்ள வெறுப்பே பலரை இயக்குகிறது என்பது. அன்பு குறைந்தவர் பெயரைக் கைவிடுகிறார். வெறுப்பு மிகுந்தவர் வாக்கை மாற்றுவதில்லை.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. நியூயார்க், பென்சில்வேனியா, புளோரிடா முதலிய மாநிலங்களில், கட்சியில் பதிவு செய்துகொண்டவரே அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்கலாம். பல தொகுதிகள் ஒரு கட்சிக்கு உறுதியானவை. அங்கே வேட்பாளரை முடிவு செய்யும் தேர்தலே வெற்றியாளரையும் முடிவு செய்துவிடுகிறது. கட்சியின் கடுமையை வெறுத்து மிதவாதி ஒருவர் பதிவை நீக்கிக்கொண்டால், அவர் விட்டுச் சென்ற இடத்தில் கடுமையாளரின் குரலே ஓங்குகிறது. அதைக் கண்டு மேலும் சிலர் விலகுகின்றனர். கலிபோர்னியா மாநிலம் 2010இல் வாக்காளர் ஒப்புதலுடன், எல்லாரும் வாக்களிக்கும் ஒரே முதனிலைத் தேர்தலை ஏற்றது. 2024இல் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, தென் டகோட்டா ஆகிய மாநிலங்களில் இத்தகைய திட்டங்களை வாக்காளரே நிராகரித்தனர். சுயேச்சை என்று கூறிக்கொள்வோர் இவ்வளவு பேர் இருந்தும், அவர்கள் ஒன்றுகூடிச் செயற்படும் அமைப்பு அன்று. 1992இல் ராஸ் பெரோ சுயேச்சையாக நின்று நூற்றுக்கு 18.9 வாக்குகள் பெற்றும், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் ஓர் இடமும் பெறவில்லை.

நம் நாட்டின் நிலை வேறு. இங்கே வாக்காளர் கட்சியின் பெயரால் பதிவு செய்யப்படுவதில்லை. முதனிலைத் தேர்தலும் இல்லை. வேட்பாளரைக் கட்சித் தலைமையே குறிக்கிறது. சுயேச்சையாக வென்ற உறுப்பினர் பின்னர் ஒரு கட்சியில் சேர்ந்தால், 1985இல் இணைக்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி பதவியை இழப்பார். வாக்காளருக்கு அத்தகைய தடை ஏதுமில்லை. தேர்தலுக்குத் தேர்தல் அவர் மனம் மாறலாம்.

எனினும், பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. கட்சிப் பற்று இல்லத்தில் பெறுவது என்று மிச்சிகன் அறிஞர்கள் கண்டதை நாம் அனுபவத்தில் அறிவோம். ஊரில் தந்தையும் பாட்டனும் வாக்களித்த சின்னம், தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ உள்ள வாக்குப்பதிவு இயந்திரத்தில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. முகவரி மாறியதாலேயே நாம் சார்பற்றவராகிவிடுகிறோம். அமெரிக்க வாக்காளர் நாணத்தால் துறந்த பெயரை, நாம் இரயில் ஏறியபோதே துறந்துவிட்டோம்.

கட்சி என்ற பெயர் வாக்காளருக்கு ஒரு சுருக்கக் குறிப்பு. அது இல்லாதபோது, வேட்பாளர் யார், அவர் முன்பு செய்தது என்ன, நாம் வாழும் பகுதியின் பள்ளிக்கும் குடிநீருக்கும் அவர் என்ன சொல்கிறார் என்பவற்றை நாமே தேடி அறிய வேண்டியிருக்கிறது. தேடாமல், அண்டை வீட்டார் வெறுப்பவரை நாமும் வெறுத்து வாக்களித்தால், சார்பின்மை நமக்குண்டு. சுய இச்சை இல்லை. இதற்கு முதற்படி மிக எளியது. ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் பட்டியலில் இருத்தலாகாது என்பதும், வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே அது இருத்தல் வேண்டும் என்பதும் 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதிகள். பத்தாண்டுகளாக வேற்றூரில் வாழ்ந்தும், பெயரைச் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே விட்டு வைத்து, இரண்டிடத்திலும் வாக்களிக்காதவர் நம்மவருள் பலர். அவர்கள் எக்கட்சியை விரும்புவர் என்பதை ஆராய்வதற்குமுன், வாழும் ஊரின் பட்டியலில் அவர்கள் பெயர் ஏற வேண்டும்.