கழுவிய ஆரஞ்சு ஏன் சீக்கிரம் அழுகியது?

எலுமிச்சம்பழத்தைக் கூடையில் போட்டு மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பக்கம் மெத்தென்று ஆகும், வெள்ளையாகப் படரும், நடுவில் பச்சைப் பொடி பூக்கும். அந்தப் பச்சைப் பொடியின் பெயர் பெனிசிலியம் டிஜிடேட்டம். பென்சிலின் கொடுத்த பூஞ்சைக்கு நெருங்கிய உறவு. உலகம் முழுக்க ஆரஞ்சு, எலுமிச்சை ஏற்றுமதி செய்கிறவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். ஆப்பிளுக்கு இதே வேலையைச் செய்வது இதன் பங்காளி பெனிசிலியம் எக்ஸ்பான்சம்.

இந்தப் பூஞ்சைகளுக்கு எதிராக ஈஸ்ட்டைக் காவலுக்கு நிறுத்திப் பார்த்த சிலரைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் நுண்ணுயிரியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து, கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்தக் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. முதலில் கண்ணில் பட்ட உண்மை ஒன்று; அதிலிருந்து கடைக்கு வந்த சரக்கு வேறொன்று. முப்பது வருடம் கழித்து ஆராய்ச்சி மறுபடி அந்த முதல் உண்மைக்கே வந்து நிற்கிறது. அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

மருந்துக்குப் பழகிய பூஞ்சை

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இந்தப் பெனிசிலியங்களால் முழுசாக இருக்கிற தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. காயம் வேண்டும். பறிக்கும்போது நகம் பட்ட கீறல், பெட்டியின் விளிம்பு உரசின இடம், ஒரு பழத்தின் காம்பு பக்கத்துப் பழத்தில் குத்தின ஓட்டை. இவ்வளவு போதும். காயத்தில் கசியும் சர்க்கரைத் தண்ணீரில் பூஞ்சை வித்து முளைக்கும். கிடங்கில் ஒரு பழத்தில் ஆரம்பித்தால் அதிலிருந்து கோடிக்கணக்கான வித்துகள் காற்றில் பறக்கும்.

இது வெறும் நஷ்டக் கணக்கு மட்டும் இல்லை. ஆப்பிளில் வளரும் எக்ஸ்பான்சம் பாட்டுலின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அழுகல் ஆப்பிளையும் சேர்த்துப் பிழிந்தால் ஜூஸில் அது வந்துவிடும். அமெரிக்காவில் ஆப்பிள் ஜூஸில் பாட்டுலின் நூறு கோடியில் 50 பங்கைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கான உணவில் ஐரோப்பா வைத்திருக்கும் வரம்பு வெறும் 10.

இதற்கு வழக்கமான வைத்தியம், பேக்கிங் லைனில் பழத்தைக் கழுவி, தயாபெண்டசோல், இமசலில் போன்ற பூஞ்சைக்கொல்லிகளில் நனைத்து, மெழுகு பூசி அனுப்புவது. ரொம்ப நன்றாகவே வேலை செய்தது. ஆனால் 1970களிலும் 80களிலும் அந்த மருந்துகளுக்கு அசராத பூஞ்சை வகைகள் பேக்கிங் ஹவுஸ்களுக்குள்ளேயே பெருகிவிட்டன. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1987இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உணவில் தங்கும் பூச்சிமருந்து வகைகளால் வரக்கூடிய புற்றுநோய் அபாயத்தில் சுமார் 60 சதவீதம் பூஞ்சைக்கொல்லிகளால்தான் என்று அது மதிப்பிட்டது. பழத்தைப் பறித்த பிறகு, சாப்பிடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அதன் மேலேயே பூசுகிற மருந்து என்றால் யாருக்குத்தான் உறுத்தாது?

பீச் பழத்தில் முதல் முயற்சி

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கியர்னிஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே அமெரிக்க விவசாயத் துறையின் அப்பலாச்சியன் பழ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சார்லஸ் வில்சன், லாரன்ஸ் பியூஸி என்ற இரண்டு பேர் 1984இல் அங்கிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவை வைத்துப் பீச் பழத்தின் பழுப்பு அழுகலைத் தடுத்திருந்தார்கள். அடுத்த வருடமே, அறுவடைக்குப் பிந்தைய அழுகலுக்கு உயிரியல் கட்டுப்பாடுதான் ஏற்ற வழி என்று வாதிட்டு இன்னொரு கட்டுரை.

அவர்கள் வாதம் எளிமையானது. வயலில் நல்ல நுண்ணுயிரைத் தூவினால் வெயில், மழை, காற்று என்று ஆயிரம் எதிரிகள். கிடங்கில் அப்படி இல்லை. வெப்பநிலை நம் கையில், ஈரப்பதம் நம் கையில். எந்த இடத்தில் பூச வேண்டும் என்பதும் தெரியும். தோல்வி அடைய வாய்ப்பு குறைவு.

ஆனால் அந்த பேசில்லஸ் எப்படி ஜெயித்தது என்று தோண்டியபோது, அது இட்யூரின் என்ற பூஞ்சை எதிர்ப்புப் பொருளைச் சுரப்பது தெரிந்தது. இங்கே ஒரு சங்கடம். ரசாயனம் வேண்டாம் என்றுதானே இந்தப் பக்கம் வந்தார்கள்? இப்போது பாக்டீரியா தயாரிக்கிற ஆன்டிபயாடிக்கைச் சாப்பாட்டில் சேர்ப்பதா? அதற்கும் பூஞ்சை பழகிவிடாதா? எதையும் சுரக்காமலே தடுக்கிற உயிர் வேண்டும் என்ற தேடல் இங்கேதான் சூடு பிடித்தது.

கழுவிய தண்ணீர்

இந்தக் கட்டத்தில் இஸ்ரேலின் வோல்கானி மையத்தைச் சேர்ந்த எடோ சலுட்ஸ் வில்சனோடு சேர்கிறார். ஆரஞ்சு வகைப் பழங்களில் வேலை. அப்போது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று: கழுவித் துடைத்த பழம், கழுவாத பழத்தைவிடச் சீக்கிரமாக அழுகியது.

இரண்டு: பழத்தோலைக் கழுவிய தண்ணீரை அப்படியே பெட்ரி தட்டில் ஊற்றினால் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் மட்டுமே வளர்ந்தன. அதே தண்ணீரை நன்றாக நீர்க்க விட்டு ஊற்றினால்தான் அழுகல் பூஞ்சைகள் தலைகாட்டின.

ரெண்டாவதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அழுகல் பூஞ்சை முதல் தட்டிலும் இருந்திருக்கிறது. கூட்டம் அடர்த்தியாக இருந்தவரை அதனால் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தைக் கலைத்ததும் எழுந்துவிட்டது. பழத்தின் தோலில் ஏற்கெனவே ஒரு காவல் இருக்கிறது. நாம்தான் சுத்தம் என்ற பெயரில் அதைத் துடைத்து எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு தேடுகிற முறையே மாறியது. பழத்தில் காயம் போடு, அதில் பழம் கழுவிய தண்ணீரை விடு, அழுகல் வித்தையும் விடு. எந்தக் காயம் அழுகாமல் தப்பிக்கிறதோ, அதிலிருந்து ஈஸ்ட்டைப் பிரித்தெடு. எனக்கு இது ரொம்பப் பிடித்த பகுதி. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், டெஸ்ட் சர்வரில் பார்க்காமல் நேராக லைவ் சர்வரிலேயே சோதிப்பது. பெட்ரி தட்டில் பூஞ்சையைச் சுற்றி வெற்று வளையம் போடுகிற உயிர்தான் நல்லது என்று பழைய முறையில் தேர்ந்தெடுத்தால், ஆன்டிபயாடிக் சுரப்பவைதான் மாட்டும். காயத்திலேயே தேடினால், எதையும் சுரக்காமல் இடத்தைப் பிடிக்கிறவை கிடைக்கும்.

துண்டு போட்டு இடம் பிடிப்பது

அப்படிக் கிடைத்தவற்றில் பேர் வாங்கியது யுஎஸ்-7 என்ற ஈஸ்ட். முதலில் டெபாரியோமைசஸ் ஹன்செனி என்று அடையாளம் சொன்னார்கள். பிறகு அது பிச்சியா கில்லியர்மோண்டி என்று மாற்றினார்கள். ஈஸ்ட் உலகில் இந்தப் பெயர் மாற்றம் சகஜம்.

அது எப்படி வேலை செய்கிறது? செத்த ஈஸ்ட்டைப் பூசினால் பயன் இல்லை. ஈஸ்ட் வளர்ந்த திரவத்தை வடிகட்டிப் பூசினாலும் இல்லை. உயிரோடு இருக்க வேண்டும். இன்னொரு துப்பு: காயத்தில் கூடுதலாகச் சத்துப் பொருளைச் சேர்த்தால் ஈஸ்ட்டின் தடுக்கும் சக்தி குறைந்துவிட்டது. சாப்பாடு தாராளமாக இருந்தால் இருவரும் சாப்பிடலாம், சண்டை இல்லை. ஆக, இது பட்டினி போட்டு ஜெயிக்கிற சண்டை. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. ஒரு மில்லிலிட்டரில் ஒன்று முதல் பத்து கோடி செல்கள் என்ற கணக்கில் பூசும்போது, பூஞ்சை வித்து கண் திறப்பதற்குள் சீட் எல்லாம் நிரம்பிவிடுகிறது.

அதோடு முடியவில்லை. 1991இல் கியர்னிஸ்வில்லின் மைக்கேல் விஸ்னீவ்ஸ்கி குழு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, இந்த ஈஸ்ட் சாம்பல் பூஞ்சையின் இழைகளில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிய இடத்தில் பூஞ்சையின் சுவரில் பள்ளம். பூஞ்சைச் சுவரைக் கரைக்கும் குளுக்கனேஸ் என்ற நொதியும் அதிகமாக இருந்தது. சில ஈஸ்ட்டுகள் பழத்தையே உசுப்பிவிட்டு அதன் எதிர்ப்பு சக்தியைத் தூண்டுகின்றன. மெட்ஷ்னிகோவியா வகை ஈஸ்ட்டுகள் புல்கெரிமின் என்ற சிவப்பு நிறமி மூலம் சுற்றியிருக்கும் இரும்புச்சத்தைக் கட்டிப்போட்டு, பூஞ்சைக்குக் கிடைக்காமல் செய்கின்றன.

கடைக்கு வந்த கதை

1995இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆஸ்பயர் என்ற தயாரிப்பைப் பதிவு செய்தது. உள்ளே இருந்தது கேண்டிடா ஓலியோஃபிலா ஐ-182 என்ற ஈஸ்ட். ஈகோஜென் நிறுவனம் விற்றது. அதே வருடம் பயோ-சேவ் என்ற பாக்டீரியா தயாரிப்பும் வந்தது. அதற்கான ஆராய்ச்சியும் கியர்னிஸ்வில்லில் இருந்த வோய்ச்செக் யானிசிவிச்சுடையதுதான். பிறகு தென்னாப்பிரிக்காவில் யீல்டுபிளஸ், இஸ்ரேலில் ஷெமர், ஜெர்மன் மொழி நாடுகளில் போனி-புரொடெக்ட், பெல்ஜியத்தில் ஹைசம் ஜிஜாக்லி ஆராய்ச்சியிலிருந்து நெக்ஸி என்று ஒவ்வொன்றாக வந்தன.

ஆஸ்பயர் சில வருடங்களில் சந்தையிலிருந்து மறைந்தது. யீல்டுபிளஸும் அப்படியே. ஷெமர் கை மாறி மாறிப் போனது. ஏன்?

பேக்கிங் ஹவுஸ்காரர் கேட்பது ஒன்றே ஒன்று: போன சீசனில் ரசாயனம் தந்த பலனை இது தருமா, ஒவ்வொரு லாட்டிலும் தருமா? ஈஸ்ட்டால் அந்த உறுதி தர முடியவில்லை. மரத்திலேயே தொற்றி, தோலுக்குள் பதுங்கி வந்த பூஞ்சையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. காயம் பட்டு ஒரு நாள் கழித்துப் பூசினாலும் இடம் போய்விட்டிருக்கும். காவல்காரனைக் கூப்பிட்டு வைத்தியம் பார்க்கச் சொன்ன மாதிரி. குறைந்த அளவு தயாபெண்டசோலோடு கலந்தால் ஆஸ்பயர் ரசாயனத்துக்கு இணையாக நின்றது. ஆனால் ரசாயனம் வேண்டாம் என்று இதைத் தேடி வந்தவரிடம் அதை எப்படி விற்பது? உயிருள்ள பொருளைக் காயவைத்து, மாதக்கணக்கில் கெடாமல் வைத்து, பதிவுச் செலவையும் தாங்க வேண்டும். சின்ன கம்பெனிகளால் முடியவில்லை.

கூட்டம் திரும்பி வந்தது

இந்தக் காரணங்கள் எல்லாம் சரிதான். இவற்றுக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக நான் நினைக்கிறேன். அந்தக் கழுவிய தண்ணீரில் பூஞ்சையை அடக்கி வைத்தது ஒரு ஈஸ்ட் இல்லை, ஒரு கூட்டம். ஆனால் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட, அரசிடம் பதிவு செய்ய, தொட்டியில் வளர்த்து டப்பாவில் அடைக்க, கூட்டம் ஒத்துவராது. பெயரும் எண்ணும் உள்ள ஒரே ஒரு உயிர் வேண்டும். அதனால் கூட்டத்திலிருந்து ஒரு ஆளைப் பிடித்து இழுத்து, "நீ தனியாக ஊரைக் காப்பாற்று" என்றார்கள். அது ஊக்கமாக வேலை செய்தது, ஆனால் தனி ஆள் தனி ஆள்தானே.

டிஎன்ஏ வாசிப்பு மலிவானதும், விஸ்னீவ்ஸ்கியும் வோல்கானி மையத்தின் சமீர் ட்ரோபியும் அந்தக் கூட்டத்தின் பக்கமே திரும்பினார்கள். 2021இல் வந்த ஓர் ஆய்வு 8 நாடுகளில் விளைந்த ராயல் காலா ஆப்பிள்களின் நுண்ணுயிர்களைக் கணக்கெடுத்தது. ஊருக்கு ஊர் கூட்டம் மாறினாலும், எல்லா இடத்திலும் இருக்கும் ஒரு பொது வட்டம் தெரிந்தது. அதில் ஈஸ்ட்டுகளும் உண்டு. ஒரே ஆப்பிளில்கூட காம்புப் பக்கம், அடிப்பக்கம், தோல் என்று இடத்துக்கு இடம் குடியிருப்பு வேறு. அந்தக் கூட்டத்தைப் பழத்தோடு சேர்த்தே ஒரு முழு உயிராகப் பார்க்க வேண்டும் என்பது இப்போதைய பேச்சு. ஒரே ஈஸ்ட்டுக்குப் பதில் பல உயிர்களைச் சேர்த்துத் தருவது எப்படி என்பது அடுத்த கேள்வி. பதிவுச் சட்டங்களும் அதற்கு ஏற்ப வளைய வேண்டியிருக்கும்.

எலுமிச்சையை வாங்கி வந்ததும் கழுவித்தான் வைக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பிடும் முன் கண்டிப்பாகக் கழுவுங்கள். எடுத்து வைக்கும்போது கழுவ வேண்டிய அவசியம் இல்லை. காயம் பட்டதைத் தனியாக எடுத்து முதலில் பிழிந்துவிடுங்கள், அது போதும்.

புல்கெரிமினும் இரும்புச்சத்தும் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அடுத்த பதிவில் பார்க்கலாம்.