அடியில் தங்கிய கசடு

மான்செஸ்டரின் பஞ்சாலைகள் உலகுக்கே துணி நெய்து அனுப்பிய காலத்தில், அந்த ஊரின் இர்வெல், இர்க், மெட்லாக் ஆறுகள் சாயக்கழிவும் வீட்டுச் சாக்கடையும் கலந்து கறுத்துக் கிடந்தன. 1894-இல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அந்தக் கால்வாயை ஒட்டி, டேவிஹ்யூம் என்ற இடத்தில் நகராட்சியின் கழிவுநீர் நிலையமும் இயங்கத் தொடங்கியது.

சாக்கடை நீர் கலந்ததும் ஆறு சாவது ஏன்? நீரிலுள்ள பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்னும்போது, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்து இழுத்துக்கொள்கின்றன. மீனுக்கு மூச்சுவிட எதுவும் மிஞ்சுவதில்லை. அந்தத் தீனி ஆற்றுக்குப் போகும் முன்பே கரையில் நடந்து முடிந்துவிட்டால் ஆறு பிழைக்கும். கல் பரப்பிய படுகைகளில் கழிவுநீரை விட்டு இதைச் செய்து பார்த்தார்கள். ஆனால் பெருநகரத்துக்கு ஏக்கர் கணக்கில் நிலம் தேவைப்பட்டது.

மான்செஸ்டருக்கு ஆலோசகராக இருந்த வேதியியலாளர் கில்பர்ட் ஃபவுலர் 1912-இல் அமெரிக்காவுக்குப் போனார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திச் சோதிப்பதைப் பார்த்தார். ஊர் திரும்பியதும் டேவிஹ்யூம் நிலையத்தில் வேலை செய்த எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் இருவரிடமும் அதையே முயன்று பார்க்கச் சொன்னார்.

கண்ணாடிப் புட்டிகளில் சாக்கடை நீரை நிரப்பி, பாசி படியாதபடி வெளிச்சத்தை மறைத்து, காற்றைக் குமிழியிட்டார்கள். நீர் முழுதாகத் தெளிய ஏறத்தாழ ஐந்து வாரம் ஆயிற்று. எந்த நகரமும் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. அடுத்து அவர்கள் செய்ததுதான் இந்த வரலாற்றின் திருப்பம். தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய கசடை அப்படியே விட்டுவைத்து, அதன்மேல் புதுச் சாக்கடை நீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் குறைந்தது. கடைசியில் ஒரே நாளுக்குள் வேலை முடிந்தது. அழுக்கைத் தின்னப் பழகிய நுண்ணுயிர்க் கூட்டம் முழுதும் அந்தக் கசடில்தான் இருந்தது. மற்றவர்கள் தொல்லை என்று அகற்றிய பொருளே வேலைக்காரனாக மாறியது. 1914 ஏப்ரல் 3-ஆம் தேதி மான்செஸ்டரில் வேதியியலாளர்கள் கூட்டத்தில் இருவரும் இதை அறிவித்தார்கள்.

எவ்வளவு சுத்தம் போதும் என்பதற்கும் ஓர் அளவுகோல் அப்போது வந்துவிட்டிருந்தது. கழிவுநீர் அகற்றலை ஆராய்ந்த பிரிட்டனின் அரச ஆணையம் 1912-ஆம் ஆண்டு அறிக்கையில், ஆற்றில் விடும் நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் துகள் கூடாது, ஐந்து நாளில் அது இழுக்கும் ஆக்சிஜன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது. அதுவும், எட்டு மடங்கு நல்ல நீரோடு கலக்கும் ஆற்றுக்கு மட்டுமே.

பெருகிய கசடு இன்னொரு தலைவலியாக நின்றது. மான்செஸ்டர் அதைக் கப்பலில் ஏற்றி லிவர்பூல் விரிகுடாவில் கொட்டியது. பிரிட்டனில் அந்தப் பழக்கம் 1998-இல்தான் ஒழிந்தது. ஆற்றைக் காத்த பாரத்தைக் கடல் அத்தனை காலம் சுமந்தது வருத்தத்துக்குரியது.

ஃபவுலர் 1916-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். சென்னையின் கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் இன்றும் இயங்குவது அதே கசடு முறைதான். கோயம்பேட்டில் மேலும் சுத்திகரிக்கப்பட்ட நீர் தொழிற்சாலைகளுக்கும் போகிறது. ஆனாலும் கூவம் கறுப்பாகவே ஓடுகிறது. நிலையத்துக்கு வராமல் மழைநீர் வடிகால் வழியாக நேரே ஆற்றில் இறங்கும் சாக்கடையை எந்தத் தொட்டியும் தொட முடியாது. அதைக் குழாய்க்குத் திருப்பும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.