சமையலறைக் கருவிகளும் வீட்டுப் பழுதுபார்ப்பும்

அடுப்பு, குக்கர், மிக்சி, கிரைண்டர், ஓவன் முதலிய சமையலறைக் கருவிகளில் ஏற்படும் சிறு பழுதுகளைக் கடைக்கு எடுத்துச் செல்லாமல் வீட்டில் உள்ளவர்களே சரிசெய்துகொள்வது வீட்டுப் பழுதுபார்ப்பு எனப்படும். இது சிக்கனத்திற்காகச் செய்யப்படும் சில்லறை வேலையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் ஒரு கருவியை வீட்டில் பழுதுபார்க்க இயலுமா என்பது கைத்திறனை மட்டும் பொறுத்ததன்று. அக்கருவி எவ்வாறு வடிவமைக்கப்பட்டது, அதன் உதிரி பாகங்கள் எங்கே கிடைக்கின்றன என்பவற்றையும் பொறுத்தது. அம்மியிலிருந்து மைக்ரோவேவ் ஓவன் வரையிலான தமிழ்நாட்டுச் சமையலறையின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றாகும்.

கல்லும் பித்தளையும்

மின்சாரம் வருவதற்கு முன் சமையலறையின் முதன்மையான கருவிகள் அம்மி, ஆட்டுக்கல், உரல் ஆகியவை. இவற்றில் தேய்மானம் ஒன்றே பழுது. கல்லின் மேற்பரப்பு வழவழப்பாகிவிட்டால் மாவு அரைபடாது, மிளகாய் வழுக்கும். அப்போது உளியும் சுத்தியலும் கொண்டு தெருவில் வருவோர் கல்லைக் கொத்திக் கொடுப்பர். கொத்திய கல்லில் முதலில் தவிட்டையோ அரிசியையோ அரைத்துக் கொட்டிவிட்டு, அதன் பின்னரே உணவுக்கு அரைப்பது வழக்கம்.

பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவது மற்றொரு பராமரிப்பு வேலை. பித்தளையில் உள்ள செம்பு புளியோடு வினைபுரிந்து களிம்பு ஏறும். இதைத் தடுக்கப் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, உட்புறத்தில் வெள்ளீயத்தைப் பூசுவர். எவர்சில்வர் பாத்திரங்கள் பரவியபின் இத்தொழில் வெகுவாகக் குறைந்தது. இந்தக் காலத்தில் பழுதுபார்ப்பவர் வாசலுக்கே வந்தார். வேலை வீட்டாரின் கண்முன்னே நடந்தது. கருவியின் உள்ளே மறைந்திருந்த பாகம் என்று எதுவும் இல்லை.

பம்பு ஸ்டவ்வும் பின்னும்

இயந்திர நுட்பம் கொண்ட அடுப்பாகச் சமையலறைக்குள் நுழைந்தது மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ். சுவீடன் நாட்டைச் சேர்ந்த பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892இல் உருவாக்கிய பிரைமஸ் ஸ்டவ் இதன் முன்னோடியாகும். தொட்டிக்குள் காற்றைப் பம்பு செய்தால், அழுத்தத்தால் மண்ணெண்ணெய் மேலேறி, சூடான பர்னரில் ஆவியாகி, நிப்பிளின் நுண்ணிய துளை வழியே வெளிவந்து எரியும். திரி இல்லாததால் புகை குறைவு, வெப்பம் அதிகம்.

இதில் அடிக்கடி நேரும் பழுதுகள் இரண்டு. ஒன்று, கரி படிந்து நிப்பிள் துளை அடைபடுவது. தகரக் கைப்பிடியில் மெல்லிய கம்பி பொருத்திய ஸ்டவ் பின்னால் துளையைக் குத்திவிட்டால் அடுப்பு மீண்டும் சீராக எரியும். மற்றொன்று, பம்பில் உள்ள தோல் வாசர் காய்ந்து காற்றுப் பிடிக்காமல் போவது. வாசரைக் கழற்றி எண்ணெயில் ஊறவைத்தால் அது விரிந்து மீண்டும் இறுகும். பின், வாசர், நிப்பிள் ஆகியவை பெட்டிக்கடைகளில்கூடக் கிடைத்தன.

எனினும் இந்த அடுப்பில் ஆபத்தும் இருந்தது. எரியும்போது தொட்டியின் திருகைத் திறந்து எண்ணெய் ஊற்றுவதும், அடைப்பைக் கவனிக்காமல் மேலும் மேலும் பம்பு செய்வதும் தீ விபத்துகளுக்குக் காரணமாயின. ஆகவே பழுதுபார்க்கும் அறிவு என்பது அடுப்பை எப்போது தொடக்கூடாது என்று அறிவதையும் உள்ளடக்கியிருந்தது.

குக்கர்: வீட்டாரே மாற்றும் பாகங்கள்

பிரெஞ்சு அறிஞர் டெனிஸ் பாப்பின் 1679இல் லண்டனில் செய்துகாட்டிய நீராவிக் கலமே பிரஷர் குக்கரின் மூலமாகும். பின்னர் அவர் அதில் பாதுகாப்பு வால்வையும் சேர்த்தார். இந்தியாவில் 1950களின் இறுதியில் குக்கர் உற்பத்தி தொடங்கியது. ஹாக்கின்ஸ் நிறுவனம் 1959இல் தொடங்கப்பட்டது.

வீட்டுப் பழுதுபார்ப்பை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்ட கருவிக்குக் குக்கர் சிறந்த எடுத்துக்காட்டு. இதில் நாளடைவில் கெடக்கூடிய பாகங்கள் கேஸ்கட், வெயிட், பாதுகாப்பு வால்வு, கைப்பிடி ஆகியவை. இவை அனைத்தும் தனித்தனியே விற்கப்படுகின்றன. ஒரு ஸ்குரூடிரைவரும் ஸ்பானரும் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். சில பாகங்களுக்குக் கருவியே தேவையில்லை.

பாதுகாப்பு வால்வின் நடுவில் குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் உலோகக் கலவை வைக்கப்பட்டிருக்கும். வெயிட்டின் துளை அடைபட்டோ தண்ணீர் வற்றியோ வெப்பம் மிகுந்தால் அக்கலவை உருகி ஆவியை வெளியேற்றிவிடும். கலத்தைக் காப்பாற்றத் தானே அழியும் மலிவான பாகம் இது. உருகிய வால்வின் துளையை வேறு பொருளால் அடைப்பது குக்கரை வெடிகுண்டாக்குவதற்குச் சமம். அதே தயாரிப்புக்குரிய புதிய வால்வைப் பொருத்துவதே சரியான பழுதுபார்ப்பு. தளர்ந்த கேஸ்கட்டைக் குளிர்நீரில் போட்டுச் சில நாள் ஓட்டுவதுண்டு. அது தற்காலிகத் தீர்வே.

பழுதிலிருந்து பிறந்த மிக்சி

இந்திய மிக்சியின் தோற்றமே ஒரு பழுதோடு தொடர்புடையது. மும்பையில் வாழ்ந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் ஒரு பொறியாளர். அவருடைய மனைவி மாதுரி பயன்படுத்திய ஜெர்மன் மிக்சியின் மோட்டார் எரிந்துபோனது. பழச்சாறும் மென்மையான பொருள்களும் அரைப்பதற்காகச் செய்யப்பட்ட அந்தக் கருவி உளுந்தையும் மசாலாவையும் தாங்கவில்லை. அதை இந்தியாவில் பழுதுபார்க்கவும் வசதியில்லை. இதையடுத்து மாத்தூர் இந்தியச் சமையலுக்கு ஏற்ற வலுவான மோட்டாருடன் புதிய கருவியை வடிவமைக்க முற்பட்டார். 1963இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் வழியாகச் சுமீத் மிக்சி உருவானது. அந்தப் பெயர் பின்னர் தென்னிந்திய வீடுகள் பலவற்றில் மிக்சிக்கே மறுபெயராயிற்று.

மிக்சியில் உள்ள மோட்டார் நிமிடத்திற்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுழலக்கூடியது. சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்வது இரு கார்பன் பிரஷ்கள். இவை பென்சில் முனைபோலத் தேய்ந்துகொண்டே வரும். பிரஷ் தேய்ந்தால் தீப்பொறி மிகும், மோட்டார் விட்டுவிட்டு ஓடும், பின் நின்றுவிடும். புதிய பிரஷ் போட்டால் பெரும்பாலும் மோட்டார் உயிர் பெற்றுவிடும். ஜாருக்குச் சுழற்சியைக் கடத்தும் கப்ளரும் இவ்வாறே மாற்றத்தக்க பாகம். ஜார் இறுகிக்கொண்டால் முதலில் கப்ளர் பல் உடைந்து, விலையுயர்ந்த மோட்டாரைக் காக்கிறது.

மிக்சி திடீரென நின்றால் கடைக்குப் போகுமுன் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மிக்சிகளில் அங்கே சிவப்பு நிறப் பொத்தான் ஒன்று இருக்கும். சுமை மிகும்போது அது மின்னோட்டத்தைத் துண்டித்து வெளியே தள்ளிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி, சற்று ஆறவிட்டு, மாவைக் குறைத்து, பொத்தானை அழுத்தினால் மிக்சி மீண்டும் ஓடும். இதை அறியாதவர் பழுதாகாத மிக்சிக்குப் பழுதுபார்க்கும் கூலி கொடுக்க நேரிடும்.

கோயம்புத்தூர் கிரைண்டர்

கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி 1955இல் மின்சார வெட் கிரைண்டரை அறிமுகப்படுத்தினார். ஆட்டுக்கல்லில் குழவி சுழல, கல் நிலையாக நிற்கும். கிரைண்டரில் கல் பாத்திரம் சுழல, குழவி ஓரிடத்தில் நிற்கிறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது. மோட்டாரின் சுழற்சியைக் கல்லுக்குக் கடத்தும் பெல்ட் தளர்வதும் அறுவதும் இதன் வழக்கமான பழுது. மோட்டார், பெல்ட், கல் எல்லாம் தனித்தனியே இருந்ததால் ஒவ்வொன்றையும் தனியாக மாற்ற முடிந்தது. கல்லைக் கொத்தும் பழைய தொழிலுக்கும் இங்கே இடம் கிடைத்தது.

2011இல் தமிழ்நாடு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையில்லாமல் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை அம்மியையும் ஆட்டுக்கல்லையும் நம்பியிருந்த வீடுகளுக்கும் மின்கருவிகள் சென்றன. கருவி சென்ற இடமெல்லாம் பிரஷ்ஷுக்கும் பெல்ட்டுக்கும் தேவை எழுந்தது.

ஓவனும் கையின் எல்லையும்

மின் அடுப்புகளின் வரலாற்றில் நிக்ரோம் கம்பி முக்கியமானது. நிக்கலும் குரோமியமும் கலந்த இக்கம்பிக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். காயில் அடுப்பில் கம்பி அறுந்தால் இரு முனைகளையும் முறுக்கி இணைப்பது பல வீடுகளில் நடந்த வேலை. ஆனால் இணைத்த கம்பியின் நீளம் குறைகிறது, மின்தடை குறைகிறது, மின்னோட்டம் கூடுகிறது. எனவே கம்பி முன்னைவிட விரைவில் அறும். மேலும் திறந்த காயிலில் பாத்திரம் பட்டால் மின்னதிர்ச்சி ஏற்படும். ஓடிஜி ஓவனில் இக்கம்பி உலோகக் குழாய்க்குள் மூடப்பட்டுள்ளதால் முழுக் குழாயையும் மாற்றுவதே முறை.

மைக்ரோவேவ் ஓவன் முற்றிலும் வேறானது. ரேதியான் நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் 1945இல், ரேடாருக்குப் பயன்பட்ட மேக்னெட்ரான் உணவைச் சூடாக்குவதைக் கண்டறிந்தார். 1947இல் முதல் ஓவன் விற்பனைக்கு வந்தது. மேக்னெட்ரானை இயக்க ஆயிரக்கணக்கான வோல்ட் தேவை. இதற்கான கெப்பாசிட்டரில் பிளக்கைக் கழற்றிய பின்னரும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கலாம். ஆகவே கண்ணாடித் தட்டு, அதைத் தாங்கும் உருளை வளையம் போன்ற வெளிப்பாகங்களை மாற்றுவதோடு வீட்டுப் பழுதுபார்ப்பு நின்றுவிட வேண்டும்.

சமையல் எரிவாயுவிலும் இத்தகைய எல்லை உண்டு. அடுப்பின் பர்னரைக் கழற்றிக் கழுவலாம்; துளைகளைத் துலக்கலாம். ரெகுலேட்டரைத் திறக்கக்கூடாது. ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாயுக் கசிவு ஏற்பட்டால் 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பழுதுபார்ப்பு உரிமை

ஆபத்தினால் அமையும் எல்லை நியாயமானது. ஆனால் புதிய கருவிகள் பலவற்றில் வேறொரு எல்லையும் தோன்றியுள்ளது. திருகுகளுக்குப் பதில் பசையால் ஒட்டிய மூடிகள், தனிக் கருவியின்றித் திறக்க முடியாத திருகுகள், சில ஆண்டுகளிலேயே கிடைக்காமல் போகும் சர்க்யூட் போர்டுகள் ஆகியவை அவ்வகையின. இவற்றுக்கு எதிராக எழுந்ததே பழுதுபார்ப்பு உரிமை இயக்கம். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி முதல் பழுதுபார்ப்புக் கூடத்தை நடத்தினார். மக்கள் பழுதான பொருள்களைக் கொண்டுவர, தன்னார்வலர்கள் உடனிருந்து சரிசெய்யக் கற்றுக்கொடுத்தனர். 2021இல் பிரான்ஸ், சில பொருள்களில் பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் அச்சிடுவதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கெனத் தனிச் சட்ட ஆணை பிறப்பித்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்து, அதே ஆண்டில் இதற்கான இணையதளத்தையும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

இவ்வியக்கம் கேட்பவை கையேடு, உதிரி பாகம், திறக்கக்கூடிய வடிவமைப்பு ஆகியவை. ஸ்டவ் பின்னும், குக்கர் கேஸ்கட்டும், மிக்சி பிரஷ்ஷும் சாதாரணக் கடைகளில் கிடைத்த காலத்தில் இவற்றைச் சட்டம் போட்டுக் கேட்கவேண்டிய தேவை எழவில்லை. கருவியை வாங்கியவருக்கு அதைத் திறந்து பார்க்கவும், எந்தப் பாகம் எதற்காக இருக்கிறது என்று அறியவும் வழியிருந்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற தெளிவும் அந்த அறிவிலிருந்தே பிறந்தது. மூடிய கருவி இந்த இரண்டையும் ஒருசேர எடுத்துவிடுகிறது.