பிரான்ஸ் கிராமத்து விடுமுறை வீட்டில் தங்குவோர் அறிந்திருக்க வேண்டியவை

பிரான்ஸின் கிராமப்புறங்களில் வாரக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் விடுமுறை வீடு ‘ஜீத்’ எனப்படுகிறது. பழைய பண்ணைவீடு, தானியக் களஞ்சியம், மாட்டுத் தொழுவம் போன்ற கல் கட்டடங்களைப் புதுப்பித்து உருவாக்கியவை இவற்றில் பல. சமையலறை, தோட்டம், சில இடங்களில் நீச்சல் குளம் என்று குடும்பமாகத் தங்குவதற்கு வசதியாக இருக்கும்.

ஆனால், இது ஹோட்டல் அன்று. வரவேற்பு மேசையோ, இரவில் உதவிக்கு அழைக்க ஊழியரோ இருக்க மாட்டார்கள். தங்கும் நாள்களில் வீட்டுப் பொறுப்பு முழுவதும் விருந்தினருடையது. கடையும் மருத்துவமனையும் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம் என்பதால், சில விவரங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

எப்படித் தொடங்கியது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிராம மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர, வீடுகள் பல காலியாயின. அவற்றைக் காக்கவும் விவசாயிகளுக்குக் கூடுதல் வருமானம் கிடைக்கவும் செனட்டர் எமில் ஓபேர் எடுத்த முயற்சியால், 1951இல் தென்கிழக்கு பிரான்ஸின் மலைப்பகுதியில் முதல் ஜீத் திறக்கப்பட்டது. 1955இல் ‘ஜீத் தெ பிரான்ஸ்’ கூட்டமைப்பு உருவானது. அது வீடுகளின் தரத்தைக் கோதுமைக் கதிர்களால் குறிக்கிறது. ஒரு கதிர் எளிய வீட்டையும் ஐந்து கதிர்கள் உயர்தர வீட்டையும் காட்டும். அரசாங்கத் தரவரிசை தனி. அதில் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரங்கள் வரை உண்டு.

பதிவு செய்யும்போது

கோடைக்காலத்தில் பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கி அடுத்த சனிக்கிழமை வரைதான் வீடு கிடைக்கும். மாலை 4 மணிக்கு மேல் உள்ளே செல்லலாம். புறப்படும் நாளில் காலை 10 மணிக்குள் காலி செய்ய வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் உள்ள வாடகை முழுச் செலவைக் காட்டாமல் இருக்கலாம். படுக்கை விரிப்பு, துவாலை, துப்புரவுக் கட்டணம், குளிர்காலச் சூடேற்றி ஆகியவை வாடகையில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உள்ளூர் மன்றத்துக்கான சுற்றுப்பயணி வரியும் முன்பணமும் தனி. முன்பணத்தை எப்போது, எப்படித் திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்து மூலம் பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது.

எதைக் கொண்டு செல்லலாம்?

மலேசியா, சிங்கப்பூரில் பயன்படும் மூன்று தட்டை முனைச் செருகி பிரான்ஸில் பொருந்தாது. இரு உருண்டை முனைகள் கொண்ட இணைப்பி தேவை. அங்கு மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதால் மின்மாற்றி வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்களைப் பயணப்பையில் கொண்டு செல்லத் தடை உண்டு. நெய்யும் அதில் அடங்கும். குழந்தைகளுக்கான பால்மாவுக்கு நிபந்தனைகளுடன் 2 கிலோ வரை விலக்கு உண்டு. கறிவேப்பிலை போன்ற பச்சைத் தாவரங்களுக்குச் சுகாதாரச் சான்றிதழ் தேவை. மசாலாத் தூள்களைக் கடையில் அடைத்த பொட்டலமாகவே எடுத்துச் செல்வது நல்லது. பாரிஸ் வழியாகச் செல்வோர், இலங்கைத் தமிழர்களின் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பகுதியில் கறிவேப்பிலை முதல் அரிசி வரை வாங்கிக்கொள்ளலாம். கிராமத்தில் அவை கிடைப்பது அரிது.

சாலையில் கவனம்

கார் இல்லாமல் பெரும்பாலான ஜீத்துகளில் தங்குவது சிரமம். தானியங்கி கியர் கார் வேண்டுமென்றால் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள ஓட்டுநர் உரிமத்துடன் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் இருக்க வேண்டும்.

வாகனங்கள் வலப்புறம் செல்லும். தவறு நேர்வது பெரும்பாலும் நெரிசலில் அன்று. வேறு வாகனமே இல்லாத கிராமச் சாலையில், காலையில் வீட்டிலிருந்து வெளியேறும் நேரத்தில்தான் பழக்க தோஷத்தால் இடப்பக்கம் திரும்பிவிட நேரிடும். சாலைக் குறியீடு இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அவர் சிறு சந்திலிருந்து வந்தாலும் வழிவிட வேண்டும்.

நடுவில் தடுப்பு இல்லாத கிராமப்புறச் சாலைகளில் 2018 ஜூலை முதல் பொதுவான வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். சில வட்டாரங்களில் அது 90. ஊர்ப் பெயர்ப் பலகையைக் கடந்ததும் 50. ஊர்ப் பெயர் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை வந்தால் ஊர் முடிந்துவிட்டது என்று பொருள்.

சனிக்கிழமையே கடைக்குச் செல்லுங்கள்

சனிக்கிழமை மாலை வந்து சேர்ந்து, மறுநாள் சாமான் வாங்கலாம் என்று இருந்தால் சிரமம்தான். ஞாயிறு பிற்பகலில் கிராமப்புறக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். திங்கட்கிழமையும் பல சிறு கடைகள் திறப்பதில்லை. மற்ற நாள்களிலும் நண்பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரை மதிய இடைவேளை. அரிசி, முட்டை, காய்கறி, குழந்தைக்குத் தேவையானவை ஆகியவற்றை வீட்டுக்குச் செல்லும் வழியிலேயே பேரங்காடியில் வாங்கிவிட வேண்டும்.

உணவகங்களில் மதிய உணவுக்கு 2 மணிக்குள் போய்விடுவது உத்தமம். கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘போன்ஜூர்’ என்று வணக்கம் சொல்வது கட்டாய மரியாதை. அதைச் சொல்லாமல் கேள்வி கேட்பதை முரட்டுத்தனமாகக் கருதுவார்கள்.

மின்சாரம், தண்ணீர், கழிவறை

ஒவ்வொரு வீட்டுக்கும் மின் ஒப்பந்தத்தில் உச்சவரம்பு உண்டு. 6 கிலோவோல்ட் ஆம்பியர் வரம்புள்ள வீட்டில் அடுப்பு, சலவை இயந்திரம், சோறு பொங்கும் மின்பானை, சூடேற்றி ஆகியவற்றை ஒரே நேரத்தில் இயக்கினால் மின்சாரம் துண்டிக்கப்படலாம். சிலவற்றை அணைத்துவிட்டு மின்பெட்டியின் விசையை மேலே தள்ளினால் திரும்ப வந்துவிடும். பெட்டி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெந்நீர் பொதுவாகத் தொட்டியில் சேமிக்கப்படுகிறது. ஆறு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் கடைசியில் குளிப்பவருக்குக் குளிர்ந்த நீர்தான். குழாய் நீரைக் குடிக்கலாம். ‘ஓ நோன் போத்தாபிள்’ என்று எழுதியிருக்கும் குழாயில் மட்டும் குடிக்கக் கூடாது.

கழிவுநீர் பல வீடுகளில் தோட்டத்துக்கு அடியிலுள்ள மலக்குழித் தொட்டிக்குச் செல்கிறது. அங்கே நுண்ணுயிர்கள்தான் கழிவைச் சிதைக்கின்றன. ஈரத்தாள், அணையாடை, சமையல் எண்ணெய், அதிக அளவு குளோரின் ஆகியவற்றைக் கொட்டினால் தொட்டி அடைத்துக்கொள்ளும் அல்லது செயலிழக்கும். தாளித்த எண்ணெயைப் போத்தலில் ஊற்றிக் குப்பையில் போட வேண்டும்.

குளிரூட்டி அரிது. வெயில் நேரத்தில் மரக் கதவடைப்புகளை மூடி, இரவில் திறந்துவைத்தால் தடித்த கல் சுவர்கள் வீட்டைக் குளுமையாக வைத்திருக்கும்.

குப்பை

2023 முதல் எல்லா வகைப் பிளாஸ்டிக் பொட்டலங்களும் காகிதம், உலோக டின்களுடன் மறுசுழற்சித் தொட்டிக்குச் செல்கின்றன. அது பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். கண்ணாடிப் போத்தல்களுக்கு ஊரில் தனித் தொட்டி உண்டு. சில கிராமங்களில் எல்லாக் குப்பையையும் சாலையோரப் பொதுத் தொட்டிக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்துக்குள் கட்டப்பட்ட தனியார் நீச்சல் குளத்துக்குத் தடுப்புவேலி, எச்சரிக்கை மணி, பாதுகாப்பு மூடி, கூரை ஆகிய நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஆனால், உயிர்காப்பாளர் இருக்க மாட்டார். வேலியோ மணியோ பெரியவரின் கண்காணிப்புக்கு ஈடாகாது. குளத்தில் பிள்ளைகள் இருக்கும்போது யார் கவனிப்பது என்று முறைவைத்துக்கொள்வது நல்லது.

விறகு அடுப்பு உள்ள வீட்டில் காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது. வாசனையற்ற கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு தேங்கி உயிரைப் பறிக்கும். பார்பிகியூ கரி அடுப்பை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கோடையில் தென் பிரான்ஸில் காட்டுத்தீ அபாயத்தால் வெளியிலும் நெருப்பு மூட்டத் தடை விதிக்கப்படுவதுண்டு. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக்காலம் என்பதால், காட்டுப் பாதையில் நடப்போர் பளிச்சென்ற நிறத்தில் உடை அணிய வேண்டும்.

அவசர நேரத்தில்

மருத்துவ உதவிக்கு 15, காவல்துறைக்கு 17, தீயணைப்புப் படைக்கு 18. எல்லாவற்றுக்கும் பொதுவான ஐரோப்பிய எண் 112.

எண் தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். பல ஜீத்துகளுக்குத் தெருப் பெயரோ கதவு எண்ணோ இருக்காது. இடப்பெயர் மட்டுமே இருக்கும். ஒரே ஊர்ப் பெயர் நாட்டின் பல பகுதிகளில் வரக்கூடும். எனவே இடப்பெயர், ஊர்ப் பெயர், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும். குறியீட்டின் முதல் இரு இலக்கங்கள் மாவட்டத்தைக் காட்டும். எடுத்துக்காட்டாக, 24 என்றால் தோர்தோன்.

தடித்த சுவர்களுக்குள் கைத்தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காமல் போகலாம். முகவரியையும் வரைபட ஆயங்களையும் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பதும், தோட்டத்தில் எங்கு நின்றால் சமிக்ஞை கிடைக்கிறது என்று முதல் நாளே பார்த்துவைப்பதும் உயிர்காக்கும் ஏற்பாடுகள். பச்சைச் சிலுவை விளக்கு உள்ள மருந்தகத்தில் சிறு உபாதைகளுக்கு ஆலோசனை கேட்கலாம்.

புறப்படும் முன்

வந்தவுடன் பொருள் பட்டியலைச் சரிபார்த்து, ஏற்கெனவே உள்ள சேதங்களைப் படம்பிடித்து உரிமையாளருக்கு அனுப்பினால், முன்பணம் குறித்துப் பின்னர் சர்ச்சை எழாது. தட்டோ கண்ணாடிக் குவளையோ உடைந்தால் உடனே தெரிவித்துவிட வேண்டும். புறப்படும் நாளில் குளிர்பதனப் பெட்டியைக் காலி செய்து, பாத்திரம் கழுவி, குப்பையை அகற்றி, சாவியைச் சொன்ன இடத்தில் வைக்க வேண்டும். துப்புரவுக் கட்டணம் செலுத்தியவர்களிடமும் பொதுவாக இதை எதிர்பார்ப்பார்கள்.